எம்மா, எல்லா?

குன்னூரில் மூன்று நாளாக மழை.
குடையை மடக்குவதற்குள்
ஜபருல்லா கேட்டுவிட்டார்:
"எம்மா, எல்லா?"

அதுதானே எனக்குத் தெரியவில்லை.
பதினோரு வருஷமாக வெள்ளைச் சேலை.
அதற்கு அளவு என்று ஒன்று கிடையாது.
மகன் வயிற்றில் இருந்த ஏழாம் மாசமும்
டைபாய்டில் கிடந்து எழுந்த வாரமும்
கொசுவம் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொண்டது.
இப்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்:
ஒன்றாம் தேதி முதல் எல்லோருக்கும் ஸ்க்ரப்ஸ்,
பாட்டில் பச்சை, அவரவர் செலவில்.

சுவரில் தொங்கிய அளவு அட்டையில்
கோட்டால் வரைந்த ஒரு பெண்.
மார்புக்கு ஒரு அம்பு, இடுப்புக்கு ஒரு அம்பு.
அவளுக்குக் குளிரே இல்லை.
கோத்தகிரி பிரசவ வார்டில்
டிசம்பர் விடிகாலை மூன்று மணிக்கு
கொண்டுபோய் நிறுத்த வேண்டும் அவளை.

உள்ளே ஒரு கம்பளி பனியன் போகணும், என்றேன்.
"அப்ப எல்."
கழற்றினால் தொளதொளன்னு தொங்கக் கூடாது, என்றேன்.
"அப்ப எம்."
அவர் மேல் தப்பில்லை.

ப்ளைவுட் தட்டி அடைத்த ட்ரையல் ரூம்.
கண்ணாடி இடுப்போடு நின்றுபோகும்.
நின்றபடி பார்த்தால் எல்லாம் பொருந்தத்தான் செய்யும்;
நான் எப்போது நின்றேன்?

இரு கையையும் தூக்கினேன்,
டிரிப் பாட்டில் மாட்டும் உயரத்துக்கு.
வயிறு தெரியவில்லை.
நரம்பு அகப்படாத புறங்கை ஒன்றின் மேல்
குனிவதுபோல் குனிந்தேன்.
கழுத்து வாய் பிளக்கவில்லை.
பாக்கெட்டில் கத்தரி, மூன்று பேனா, பிளாஸ்திரிச் சுருள்
எல்லாம் போட்டுக் குதித்தேன்.
கம்பளியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை.
தோள் தையல் தோள் எலும்பிலேயே உட்கார்ந்திருந்தது.

கட்டிலுக்கடியில் உருண்ட ஊசி மூடியை
எடுப்பதுபோல் குத்துக்காலிட்டேன்.
அங்கேதான் எம் பேன்ட்டின் பின்தையல்
ஒரு வார்த்தை சொன்னது.

"மேலே சரி. கீழே மட்டும் எல் வேணும்,"
திரைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.
"செட்டைப் பிரிச்சா மிச்சத்தை
யார் தலையில கட்டுறது?"
நியாயம்தான்.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து
ஜலதோஷம் பிடித்த ஒரு குரல்:
"அக்கா, எல் பேன்ட் நான் தரேன்.
எனக்கு மேலே எல் கச்சிதம், கீழே நிக்கவே மாட்டேங்குது.
எக்ஸ்ரேல வேலை.
ஈய ஏப்ரன் போட்டுப் போட்டு
தோள் மட்டும்தான் வளர்ந்திருக்கு."

தட்டிக்கு மேல் ஒரு கை வந்தது.
நகம் ஒட்ட வெட்டிய கை,
வாட்ச் இல்லை, வளையல் இல்லை.
எல் பேன்ட்டை நீட்டியது.
எம் பேன்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கியது.
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
நாடா இழுத்து முடிந்து
நான் உட்கார்ந்து எழுந்தேன்.
அங்கேயும் முட்டி ஒன்று சொடுக்கியது.

மடிப்பை அரை இஞ்ச் ஏற்றச் சொல்லி,
இந்த ஊர்ச் சேற்றுக்கு அவ்வளவாவது வேணுமே,
வெளியே வந்தபோது அவள் இல்லை.
"கேத்தி பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க," என்றார்.
பில் புத்தகத்தில் என் பெயருக்கு மேல் வரியில்
பெனிட்டா என்று இருந்தது, அவசரக் கையெழுத்தில்.

பத்துத் துவைப்புக்கு அப்புறம்தான் தெரிந்தது:
சட்டை பாசி நிறத்துக்கு வெளுத்துவிட்டது.
பேன்ட் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே.
வேறு தொட்டியில் முக்கிய சாயம்.
ரவுண்ட்ஸ் வந்த மேட்ரன்
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"இது செட் இல்லையா?"

செட்தான் மேடம், என்றேன்.
மீதி கேத்திப் பக்கம்
ஒரு இருட்டறையில் நடமாடிக்கொண்டிருக்கிறது,
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டு,
மேலே கரும்பச்சையும்
கீழே பாசியுமாக.